வெள்ளி இரவு ஜெபத்தில் வந்த ஒரு பெயர்: ஆவிக்குரிய போராட்டம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு சபையில் ஒரு சகோதரிமேல் ரகசியமாகப் பழி பரவிய கதையை, சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் அந்தச் சபையின் அங்கத்தினன் அல்ல. விஷயம் முற்றிய பிறகு, சபையை நடத்தும் மூப்பர்கள் வெளியிலிருந்து அழைத்த மூன்று பேரில் ஒருவன். சாத்தான் உண்டு, அவன் சபைகளைத் தாக்குகிறான் என்று உறுதியாக நம்புகிறவன். அந்த நம்பிக்கையோடுதான் இதைப் பதிவு செய்கிறேன்.

பின்னணி

சுமார் 150 பேர் கூடும் சபை. போதகர் பல வருடங்களாக அங்கேயே ஊழியம் செய்கிறவர். வெள்ளிக்கிழமை இரவுகளில் பதினைந்து இருபது பேர் கூடி விடியும்வரை ஜெபிப்பார்கள். அதை நடத்தியவர் வயதில் மூத்த சகோதரி, எல்லோருக்கும் அவர் அக்கா. மருத்துவமனையில் கிடந்தவர்கள் பக்கத்தில் விழித்திருந்து ஜெபித்தவர், வேலை போனவர்கள் வீட்டுக்குத் தேடிப்போய்த் தைரியம் சொன்னவர். அவருடைய ஜெபத்தால் ஆறுதல் பெறாத குடும்பம் அந்தச் சபையில் குறைவு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் அவரைத் தீயவராக நினைத்துவிடக் கூடாது.

கதையின் வேர் இரண்டு வருடங்களுக்கு முந்தையது. வருடாந்தரக் கூட்டத்தில், ஞாயிறு பள்ளியை நடத்திவந்த ஒரு சகோதரி எழுந்து, கட்டட நிதிக் கணக்கை வரவு செலவாகப் பிரித்து வாசிக்க வேண்டும் என்று கேட்டார். அவர் கணவரை இழந்தவர், அதிகம் பேசாதவர். பொருளாளருக்கு முகம் கறுத்துவிட்டது. தன்னைத் திருடன் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டார். கூட்டத்தில் சலசலப்பு. கடைசியில் ஒரு மூப்பர், “சமாதானமாக இருப்போம், இதை இத்தோடு விட்டுவிடுவோம்” என்று சொல்லி ஜெபித்து முடித்தார். கணக்கு வாசிக்கப்படவில்லை. கேட்டவருக்குப் பதில் இல்லை, கேட்கப்பட்டவருக்குக் காயம் ஆறவில்லை.

அப்புறம் ஒரு வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதன்பின் போதகர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மாதக்கணக்கில் பிரசங்க மேடைக்கு வர முடியவில்லை. அவருக்குப் பதில் யார் பொறுப்பு என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. அதே சமயத்தில் இரண்டு குடும்பங்கள் ஆராதனைக்கு வருவதை நிறுத்தின. சபைமேல் ஏதோ தாக்குதல் நடக்கிறது என்ற எண்ணம் பரவலாக வந்தது. வந்ததில் ஆச்சரியமும் இல்லை.

கண்ணில் பட்டவை

வெள்ளி ஜெபத்தில் அக்கா ஒரு தரிசனம் கண்டதாகச் சொன்னார்: துணியால் மூடிய ஒரு விளக்கு, சபை வாசலருகே. சில வாரங்களில் அது வேறு வடிவம் எடுத்தது. “சபைக்குள் யேசபேல் ஆவி நுழைந்திருக்கிறது” என்ற பேச்சு கிளம்பியது. வெளிப்படுத்தின விசேஷம் 2-ஆம் அதிகாரத்தில் தியத்தீரா சபைக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கையிலிருந்து எடுத்த சொல் அது; அங்கே யேசபேல், தன்னைத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்ட ஒரு பெண். அந்த வசனத்தில் குற்றம் என்னவென்று வெளிப்படையாக இருக்கிறது: அவள் என்ன போதித்தாள், ஜனங்களை எதற்குள் இழுத்தாள் என்று ஆண்டவரே சொல்கிறார். இங்கே குற்றம் எதுவும் சொல்லப்படவில்லை. சொல் மட்டும் சுற்றியது.

அந்தச் சொல் ஞாயிறு பள்ளிச் சகோதரிமேல் வந்து உட்கார்ந்தது. யாரும் அவரிடம் நேரில் சொல்லவில்லை. ஆனால் அவர் வகுப்பில் பிள்ளைகள் குறைய ஆரம்பித்தார்கள். அவரைத் தவிர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு உருவானது. அவர் கடந்து போனால், பின்வரிசையில் இருந்தவர்கள் உதட்டுக்குள் “இயேசுவின் இரத்தம் ஜெயம்” என்று முணுமுணுத்தார்கள். அவருக்கு அது காதில் விழுந்தது. திருவிருந்து நாளில் அவர் உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை.

பிற்பாடு நாங்கள் பலரிடம் பேசியபோது, கவனித்திருக்க வேண்டிய அடையாளங்கள் எல்லாம் அந்த வாரங்களிலேயே இருந்தது தெரிந்தது. முதலாவது, ரகசியம். “யாரிடமும் சொல்லாதீர்கள், ஜெபிக்க மட்டும் சொல்கிறேன்” என்றுதான் ஒவ்வொருவருக்கும் செய்தி போயிருக்கிறது. எதிரி தன் வேலையை மறைத்து வைக்கவே விரும்புகிறான், வெளிச்சத்துக்கு வந்தால் அவன் காரியம் கெட்டுவிடும் என்று 16-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் துறவியான லொயோலா இஞ்ஞாசியார் ஆவிகளைப் பகுத்தறிவது பற்றி எழுதினார். அவருடைய சபை மரபு வேறு. ஆனாலும் இதை அவரிடமிருந்து யாரும் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவது, சொல்லுக்கு உரிமையாளர் இல்லை. “ஆவியானவர் காட்டினார்” என்றார்கள். யாருக்கு, எப்போது, என்ன காட்டினார் என்று கேட்டால் கை வேறொருவரைக் காட்டியது. மூன்றாவதுதான் என்னை மிகவும் கலங்கடித்தது: அந்தச் சகோதரி என்ன செய்தாலும் அது அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மௌனமாக இருந்தால் பெருமை. அழுதால் நடிப்பு. வராவிட்டால் ஒளிகிறார், வந்தால் துணிகரம். ஒரு மனுஷி தப்பிக்க வழியே இல்லாத குற்றச்சாட்டு கர்த்தரிடமிருந்து வருவதில்லை. அவர் கடிந்துகொள்ளும்போது மனந்திரும்ப வாசலைத் திறந்தே வைக்கிறார். யேசபேலுக்குக்கூடத் தவணை கொடுத்ததாக அதே அதிகாரம் சொல்கிறது.

அந்த வெள்ளி இரவு

சபையைச் சேர்ந்த ஒரு வாலிபன் தன் மனைவியை ஜெபத்துக்கு அழைத்து வந்தான். குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். அவள் நாலு இரவாகத் தூங்கவில்லை. குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள், ஒரு குரல் அதைத் தன்னிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது என்றாள். நெற்றியில் எண்ணெய் பூசியதும் அலறினாள். நாலு பேர் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு சகோதரர் அவள் முகத்துக்கு அருகே குனிந்து, “உன் பேர் என்ன? யார் உன்னை அனுப்பினது?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அவள் ஒரு பெயர் சொன்னாள். ஞாயிறு பள்ளிச் சகோதரியின் பெயர்.

அந்த அறையில் இருந்தவர்களுக்கு அது கடைசி முத்திரை. அவ்வளவு நாள் சந்தேகமாக இருந்தது இப்போது பிசாசின் வாயாலேயே நிரூபணமாகிவிட்டது என்று எண்ணினார்கள். பிசாசு பொய்க்குப் பிதா என்று யோவான் 8:44 சொல்வது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை.

பின்வரிசையில் ஒரு சகோதரி இருந்தார், தொழில் நர்ஸ். அவர் எழுந்து வந்து, முதலில் குழந்தையை வாங்கிப் பாட்டியின் கையில் கொடுத்தார். அந்தப் பெண்ணின் முன் தரையில் உட்கார்ந்து, பிடித்திருந்த கைகளை ஒவ்வொன்றாக விலக்கினார். “எப்பம்மா கடைசியா தூங்கினே? தண்ணி குடிச்சியா?” என்று கேட்டார். பிறகு அக்காவிடம் திரும்பி, “அக்கா, ஜெபத்தை நிறுத்த வேண்டாம். கார்ல ஜெபிச்சுக்கிட்டே போகலாம். ஆனா இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்” என்றார்.

அக்கா தயங்கினார். இரவு முழுக்க ஜெபித்து, காலையில் பார்க்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அங்கே இருந்த மூப்பர் போதகருக்கு போன் போட்டார். போதகர் படுக்கையிலிருந்தே, “கூட்டிப் போங்கள், நான் இங்கே விழித்திருக்கிறேன்” என்றார். பத்து நிமிடத்தில் கிளம்பினார்கள்.

அந்த முடிவு ஏன் சரி என்பதை விளக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு என்ற நோய் 1,000 பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், திடீரென்று. தூக்கமின்மை, குரல் கேட்பது, குழந்தையைப் பற்றிய விபரீத எண்ணம் எல்லாம் அதன் அறிகுறிகள். தாய்க்கும் குழந்தைக்கும் உயிர் ஆபத்து உண்டு என்பதால் மருத்துவர்கள் இதை அவசர நிலையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சரியான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானவர்கள் நன்றாகக் குணமாகிறார்கள். விடியும்வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. 1976-ல் ஜெர்மனியில் அன்னலீஸ் மிஷெல் என்ற 23 வயதுப் பெண், பல மாதங்களாக 67 முறை பேயோட்டும் சடங்குக்கு உட்படுத்தப்பட்டு, ஊட்டமும் நீரும் இல்லாமல் இறந்தாள். 1978-ல் நீதிமன்றம் அவளுடைய பெற்றோரையும் இரண்டு குருக்களையும் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அவர்கள் எல்லோரும் அவள் விடுதலையாக வேண்டும் என்று உண்மையாகவே விரும்பியவர்கள்.

நோட்டுப் புத்தகம்

அடுத்த வாரம் எங்கள் மூவரையும் அழைத்தார்கள். நாங்கள் கேட்டுக்கொண்ட முதல் காரியம், ஒரு மாதத்துக்குச் சபையில் தனி நபர்களைப் பற்றிய தீர்க்கதரிசனம் எதுவும் சொல்லப்படக் கூடாது என்பது. ஜெபம் நிற்க வேண்டியதில்லை. இது ஆவியை அவித்துப்போடுவது, அதாவது ஆவியானவரின் செயலைத் தடுப்பது என்று சிலர் எதிர்த்தார்கள். அவர்கள் காட்டிய வசனம் 1 தெசலோனிக்கேயர் 5:19. அதற்கு அடுத்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசிக்கச் சொன்னோம்: தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ண வேண்டாம், எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள். சோதிக்க அவகாசம் கேட்பது அவிப்பதாகாது.

இரண்டாவது முடிவு, குற்றம் சாட்டியவர்களுக்கு முன்னால் குற்றம் சாட்டப்பட்டவரைச் சந்திப்பது. வழக்கமாக இது தலைகீழாக நடக்கும். பத்துப் பேர் சொல்வதைக் கேட்டு மனதில் ஒரு உருவம் பதிந்த பிறகுதான் அந்த ஒருவரைக் கூப்பிடுவார்கள். நாங்கள் அவர் வீட்டுக்குப் போனோம். “என் மேல என்ன குற்றம்னு யாராவது சொன்னா, மன்னிப்புக் கேக்கவாவது முடியும். சொல்லவே இல்லையே ஐயா” என்றார். கணக்குக் கேட்டதைத் தவிர வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. அதையும் அவராகத்தான் சொன்னார்.

அடுத்து அக்கா. அவர் தரிசனங்களைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறவர். கேட்டதும் தயங்காமல் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். குறிப்பிட்ட பக்கத்தைத் திறந்தோம். “மூடின விளக்கு. வாசல் கிட்ட. துணி கறுப்பு” என்று மூன்று வரி, நீல மையில். கீழே ஒரு வசன எண். பெயர் எதுவும் இல்லை. ஓரத்தில் கறுப்பு மையில் ஒரு அம்புக்குறி, அதன் நுனியில் அந்தச் சகோதரியின் பெயர்.

“அக்கா, இந்தப் பெயர் எப்போது எழுதியது?”

நோட்டை அருகே இழுத்து வைத்து வெகு நேரம் பார்த்தார். “நாலு நாள் கழிச்சு. பொருளாளர் வீட்டுக்கு ஜெபிக்கப் போயிருந்தேன். அவர் சம்சாரம் அந்தக் கணக்கு விஷயத்தைச் சொல்லி அழுதாங்க. இதுதான் அந்த விளக்குன்னு அப்ப எனக்குள்ள பட்டது.” கொஞ்சம் நிறுத்தி, அவரே சொன்னார்: “விளக்கைக் கண்டேன். பேரைக் காணல.”

யாரும் அவரை வாதத்தில் மடக்கவில்லை. அவர் உண்மையான ஜெப மனுஷி என்பதால்தான் அதை அவரால் சொல்ல முடிந்தது. அந்த வாக்கியத்துக்குப் பிறகு விசாரணையில் பெரிதாக வேலை இருக்கவில்லை. காயப்பட்ட ஒரு குடும்பத்தின் மனக்கசப்பு, ஒரு தரிசனத்தின் ஓரத்தில் பெயராக ஏறி, ஜெபக் குறிப்பாக வீடு வீடாகப் போய், கடைசியில் நோயாளியான ஒரு பெண்ணின் வாய்வழியாகப் ‘பிசாசின் சாட்சி’யாகத் திரும்பி வந்திருக்கிறது. அந்தப் பெண் குணமான பிறகு அவளிடம் மெதுவாகக் கேட்டபோது, “எல்லாரும் அந்தப் பேரைத்தானே சொல்லிட்டு இருந்தாங்க” என்றாள்.

போராட்டம் எங்கே நடந்தது

இவ்வளவும் மனித பலவீனம்தான், ஆவிக்குரிய போராட்டம் எதுவும் இல்லை என்று முடித்துவிடலாமா? குழுவில் ஒருவர் அப்படித்தான் நினைத்தார். எனக்கு அது ஒத்துவரவில்லை. சபைகளுக்கு எழுதப்பட்ட நிருபங்களில் சாத்தானைப் பற்றிய பேச்சு எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். “பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்” என்பது எபேசியர் 4-ல், தணியாத கோபத்தைப் பற்றிய வசனத்தின் தொடர்ச்சி. அவனுடைய தந்திரங்கள் நமக்குத் தெரியாதவைகள் அல்ல என்று பவுல் சொல்வது 2 கொரிந்தியர் 2-ல், ஒருவனை மன்னித்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் இடத்தில். யாக்கோபு 3-ல் வைராக்கியமும் விரோதமும் உள்ள ஞானம் பேய்த்தனத்துக்கு அடுத்தது எனப்படுகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 12:10-ல் அவன் சகோதரர்மேல் இரவும் பகலும் குற்றஞ்சாட்டுகிறவன். நமக்குப் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் இல்லை என்று எபேசியர் 6:12 சொல்வதால், ஒரு சகோதரியையே எதிரியாக்கியவுடன் போர்முனை தவறிப்போகிறது.

எனவே எங்கள் அறிக்கையில் இப்படி எழுதினோம்: தாக்குதல் உண்மை. அது நுழைந்த வாசல், பதில் சொல்லாமல் மூடிய கணக்கு. அது பயன்படுத்திய ஆயுதம், ரகசியக் குற்றச்சாட்டு. அந்த வெள்ளி இரவு அலறியது ஒரு நோயாளி.

எடுத்த நடவடிக்கைகள்

கட்டட நிதிக் கணக்கை வெளியாள் ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னோம். திருட்டு இல்லை. இரண்டு காணிக்கைகள் பேரேட்டில் ஏறவில்லை. ரசீதுகள் பொருளாளர் வீட்டு அலமாரியில் இருந்தன. ஒரு செலவு தவறான வருடத்தில் எழுதப்பட்டிருந்தது. தன் கவனக்குறைவு அவருக்குத் தெரிந்திருந்தது; வெட்கத்தில் சொல்லவில்லை. முழுக் கணக்கும் சபைக்கு முன் வாசிக்கப்பட்டது. அவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். மூடிய விளக்கு இதுதான், தரிசனம் நிறைவேறிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். இதையும் சோதிக்காமல் ஒரு ஆள்மேல் ஒட்ட வேண்டாம் என்று அவர்களைக் கேட்டுக்கொண்டோம்.

மத்தேயு 18-இன் படி முதலில் அக்காவும் பொருளாளர் மனைவியும் அந்தச் சகோதரியைத் தனியாகச் சந்தித்தார்கள். ஆனால் பழி சபை முழுக்கப் பரவியிருந்ததால், தனிமையில் கேட்ட மன்னிப்பு போதாது என்பது எங்கள் எண்ணம். ஞாயிறு ஆராதனையில் அக்கா எழுந்து நின்று, தான் எதைக் கண்டார், எதைக் காணவில்லை, பெயர் எப்படி வந்தது என்று சுருக்கமாகச் சொன்னார். வெள்ளி இரவைப் பற்றியோ அந்த இளம் தாயைப் பற்றியோ ஒரு வார்த்தையும் வரக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டவர், பழி சுமந்த அந்தச் சகோதரிதான்.

அவர் அன்று பதில் எதுவும் சொல்லவில்லை. மேடைக்கு அழைத்துக் கட்டிப்பிடிக்க வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னதை நாங்கள் மறுத்தோம். மன்னிப்பு கட்டளைதான். ஆனால் சபையின் மன நிம்மதிக்காக ஒருவரை அவசரப்படுத்தி அதை வாங்கக் கூடாது.

அதன்பின்

இளம் தாய் சில வாரங்கள் சிகிச்சையில் இருந்து வீடு திரும்பினாள். அடுத்த பிரசவத்தில் இது மறுபடி வர வாய்ப்பு அதிகம் என்பதால் முன்கூட்டியே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதைத் தம்பதி இருவருக்கும் நர்ஸ் சகோதரி விளக்கினார். அந்தப் பெண்ணுக்குத் தான் பெயர் சொன்னது பெரிய பாரமாக இருந்தது. ஞாயிறு பள்ளிச் சகோதரி அவள் கணவனிடம் கேட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

பொருளாளர் குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது. முன்பு விலகிய இரண்டு குடும்பங்களில் ஒன்று திரும்பியது. அந்தச் சகோதரி ஞாயிறு பள்ளித் தலைமையை மறுபடி ஏற்கவில்லை, ஒரு வகுப்பு மட்டும் எடுக்கிறார். அக்காவோடு பேசுகிறார், பழைய நெருக்கம் இன்னும் வரவில்லை.

மாற்ற வேண்டியவை

கணக்கு இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கேட்காமலே வாசிக்கப்படுகிறது. போதகர் இல்லாத காலத்தில் யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்கிறது. இவை எளிய மாற்றங்கள்; விளைவைப் பொறுத்தவரை இவைதான் பெரியவை என்று நினைக்கிறேன்.

ஒருவரைப் பற்றிய தரிசனமோ வெளிப்பாடோ கிடைத்தால், கண்டதை மட்டும் கண்டபடியே எழுதிப் போதகரிடமும் ஒரு மூப்பரிடமும் கொடுக்க வேண்டும். விளக்கம் தனியாக, பின்னால். ஜெபக் குறிப்பு என்ற பேரில் அது மூன்றாவது ஆளுக்குப் போகக் கூடாது. மூப்பர்மேல் புகார் வந்தால் இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்று 1 தீமோத்தேயு 5:19 கேட்கிறது. சாதாரண விசுவாசிக்கு அதைவிடக் குறைந்த பாதுகாப்பு ஏன் இருக்க வேண்டும்?

விடுதலைக்கான ஜெபத்துக்குத்தான், அதாவது ஒருவரைப் பிசாசின் பிடியிலிருந்து விடுவிக்கக் கேட்கும் ஜெபத்துக்குத்தான், விதிகள் அதிகம் தேவைப்பட்டன. மற்ற சபைகள் இதைப் பட்டுத்தான் கற்றிருக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஒரு குரு பேயோட்டும் சடங்கைச் செய்ய முடியாது. 1983-இன் திருச்சபைச் சட்டம் 1172-வது விதியில் அதைச் சொல்கிறது. இங்கிலாந்து திருச்சபையின் ஆயர்கள் 1975-ல் கொடுத்த வழிகாட்டுதல், இந்த ஊழியம் மருத்துவ உதவியோடு சேர்ந்து, அனுமதி பெற்ற அனுபவசாலிகளால், விளம்பரம் இல்லாமல் நடக்க வேண்டும், அப்புறமும் பராமரிப்பு தொடர வேண்டும் என்கிறது. இந்தச் சபை எடுத்த தீர்மானமும் அந்தப் போக்கில்தான்: தூக்கம், உணவு, மருந்து, சமீபத்திய பிரசவம் ஆகியவற்றை முதலில் விசாரிப்பது, சந்தேகம் இருந்தால் உடனே மருத்துவரிடம் அனுப்புவது, யாரையும் பிடித்து அழுத்தாமல் இருப்பது, கூட்டமும் மைக்கும் இல்லாமல் ஜெபிப்பது. ஆவியிடம் பெயர் கேட்பதும், யார் அனுப்பினது என்று விசாரிப்பதும் முற்றிலும் நிறுத்தப்பட்டன.

வெள்ளி இரவு ஜெபம் இப்போது இரவு பத்து மணியோடு முடிகிறது. பழையபடி விடியும்வரை நடத்த வேண்டும் என்று அக்கா கேட்டிருக்கிறார். நர்ஸ் சகோதரியோ அவரைப்போல் பயிற்சி பெற்ற ஒருவரோ ஒவ்வொரு இரவும் கூடவே இருக்க முடியுமா என்று மூப்பர்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.